பானட்டுக்குள் இரண்டு ஆள் சோறு

மலாக்கா ஆற்றோரம், ரப்பர் சேரும் கித்தா கிடங்கின் வாசல். லோரியை நிறுத்தியதும் அங்கமுத்து முதலில் செய்யும் வேலை பானட்டைத் திறப்பது. என்ஜின் கெட்டுவிட்டதோ என்று கிடங்கு ஆள்கள் எட்டிப் பார்ப்பார்கள். அவன் கையில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே குனிந்து, கம்பியை அவிழ்த்து, ஒரு பிஸ்கட் டின்னை வெளியே எடுப்பான்.

டின்னுக்குள் இரண்டு வாழையிலைப் பொட்டலங்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, ஏதாவது ஒரு பொரியல். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல ஆவி பறக்கும். ஒன்று அவனுக்கு, மற்றது எனக்கு.

"சாப்புடு லா தவசி, ஆறிடப் போவுது" என்பான்.

அந்தச் சோற்றை எத்தனை நாள் தின்றேன் என்று கணக்கு வைக்கவில்லை. தின்ற ஒவ்வொரு நாளும் அவன்மேல் பொறாமைப்பட்டேன் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இந்தத் தொடரில் போன வாரம் எழுதிய, நான் லைசென்ஸ் எடுத்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். அவசரகாலத்தில் லோரி ஓட்டினீர்களே, எத்தனை தடவை சுடப்பட்டீர்கள் என்று கேட்கிறார். எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். ஐயா, என்னை ஒரு குண்டும் தொட்டதில்லை. எங்கள் ஆள்களைத் தொட்டதெல்லாம் சூடும் நெருப்பும்தான். அதைக் கேட்பாரில்லை.

சோற்றுக்குப் போட்ட வேலி

எங்கள் தோட்டம் மஸ்ஜித் தானாவுக்கு உள்ளே தள்ளி இருந்தது. புகைக்கூடத்தில் காய்ந்த கித்தா ஷீட்டுகளை மலாக்காவுக்குக் கொண்டுபோய் இறக்குவது எங்கள் இருவருக்கும் வேலை. ஒற்றை லோரி தனியாகப் போகக்கூடாது என்று உத்தரவு. அதனால் அவன் முன்னால், நான் பின்னால்.

அந்த நாளில் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி. கேட்டில் போலீஸ். வெளியே போகிறவன் ஒரு பிடி சோறுகூடக் கொண்டு போகக்கூடாது. காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடுமாம். பால்வெட்டுக்குப் போகும் பெண்களின் கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். லோரியில் சீட்டுக்கு அடியில், தார்ப்பாயின் மடிப்பில், சாமான் பெட்டியில் எல்லாம் கை விடுவார்கள். கொதிக்கிற என்ஜினுக்குள் மட்டும் யாரும் கை விடுவதில்லை.

மலாக்காவில் சாப்பாட்டுக் கடைக்கா பஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். அங்கமுத்துவுக்குக் கடைச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்காது. பொன்னம்மா சமைத்தால்தான் உண்டு. அந்த டின்னை என்ஜின் புகைக்குழாயின்மேல் கம்பியால் கட்டும் யோசனையே அவளுடையதுதான். வாசனை வெளியே வராமலிருக்க டின்னைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டும் யோசனை அவனுடையது. புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து இப்படித் திட்டம் போட்டிருக்கிறார்களே என்று எனக்கு வயிறு எரிந்தது. நான் அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் படுத்துக் கிடந்த கட்டைப் பிரம்மச்சாரி.

லோரிக்காரன் கை

அந்தக் காலத்து லோரிக்காரனின் கையைப் பார்த்தாலே தொழில் தெரிந்துவிடும். மணிக்கட்டில் வழவழவென்று வெள்ளைத் தழும்பு இருந்தால் ரேடியேட்டர் மூடியைத் திறந்தவன். மேடு ஏறி வந்த வண்டியில் மூடியைத் தொடக்கூடாது, ஆறவிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆறும்வரை அந்த ரோட்டில் நிற்க யாருக்குத் தைரியம்? ஒரு சாக்கைப் போட்டுத் திருகுவோம். கொதித்த தண்ணீர் சாக்கையும் மீறி அடிக்கும்.

மீசை பாதி கருகியிருந்தால், ரப்பர் குழாயில் வாய் வைத்துப் பெட்ரோல் உறிஞ்சிவிட்டு, வாயைக் கொப்பளிக்காமல் சுருட்டைப் பற்ற வைத்தவன். எங்களில் ஒருவர் இப்படி இரண்டு தடவை செய்தார். முதல் தடவை புத்தி வரவில்லையா என்று கேட்டால், "மொதல்ல எரிஞ்சது வலது பக்கம், ரெண்டும் சமமா இருக்கட்டுமேன்னுதான்" என்பார்.

ஜப்பான்காரன் ஆண்ட நாளில் பெட்ரோல் ஏது? லோரியின் முதுகில் ஓர் இரும்பு அடுப்பை நிறுத்தி, கரியை எரித்து, அந்தப் புகையில் ஓட்டினோம். கரி போட மூடியைத் திறந்தால் குப்பென்று முகத்துக்கு வரும். நானும் அங்கமுத்துவும் தொழில் படித்தது அந்த அடுப்புக்குப் பக்கத்தில்தான். ஒரு தடவை என் சட்டையில் நெருப்புப் பிடித்தபோது அவன்தான் என்னைப் புல்லில் உருட்டினான். பிறகு பல வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நெருப்பைவிட அந்தச் சிரிப்புத்தான் எனக்குச் சுட்டது.

பச்சை லோரி

அப்படிப் போய்க்கொண்டிருந்த நாளில் தோட்டத்துக்குப் புது லோரி ஒன்று வந்தது. பச்சை வர்ணம். கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி. என் பழைய வண்டியில் கண்ணாடி இருந்த இடத்தில் கித்தான் துணி தொங்கும். மழை வந்தால் எனக்குத் தனிக் குளியல்.

யாருக்கு அந்தப் புது வண்டி என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் என்று நான் நினைத்தேன். சத்தத்தைக் கேட்டே என்ஜினுக்கு என்ன நோய் என்று சொல்லுகிறவன் நான் ஒருவன்தானே. துரை இறங்கி வந்து அங்கமுத்துவின் கையில் சாவியைக் கொடுத்தார். தோளில் வேறு தட்டினார்.

அன்றைக்கு மலாக்காவில் அவன் டின்னைத் திறந்தபோது நான் பொட்டலத்தை வாங்கவில்லை.

"ஏண்டா, வயிறு சரியில்லையா?"

"ஒன் சோறு எனக்கு வேணாம்."

"என் சோறா? பொன்னம்மா கட்டுனதுடா."

"யாரு கட்டுனா என்ன. இனிமே எனக்குக் கொண்டாராத."

அதோடு விட்டேனா? சாயங்காலம் தோட்டத்து ஸ்டோர் வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது, அங்கமுத்து வீட்டுச் சோற்றில் இனிக் கை வைக்க மாட்டேன் என்று சத்தமாகச் சொன்னேன். சோற்றில் என்னடா குற்றம் என்று ஒருவர் கேட்டார். உப்பு அதிகம் என்றேன். அது அண்டப்புளுகு.

அதன் பிறகு பத்து நாள் மலாக்காவில் கடையில் சாப்பிட்டேன். அவன் மட்டும் தினமும் இரண்டு பொட்டலத்தை எடுத்து வெளியே வைப்பான். என்னை ஒரு பார்வை பார்ப்பான். பிறகு ஒன்றை ஆற்றுப் படகுக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுவான். அந்தப் படகுக்காரர்மேலும் எனக்குப் பொறாமை வந்தது.

நான் பார்த்தது

பதினோராம் நாள் காலை. இரண்டு லோரியிலும் ஷீட்டு ஏற்றியாகிவிட்டது. அங்கமுத்து பானட்டைத் திறந்து டின்னைக் கட்டிவிட்டுக் கையெழுத்துப் போட ஆபீசுக்குப் போனான். பானட் திறந்தே கிடந்தது. புது என்ஜின் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் நான் போய் உள்ளே தலையை விட்டேன். நன்றாக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கவனித்தேன். இரண்டு ஆள் சோற்றுக்கான பெரிய டின் அது. பழைய வண்டியில் அதற்கு இடம் இருந்தது. இந்தப் புது வண்டியில் டின்னின் ஓரம் பெட்ரோல் குழாயில் முட்டிக்கொண்டு நின்றது. பத்து நாள் ஆட்டத்தில் குழாயின் இணைப்பு தளர்ந்திருந்தது. அங்கே ஒரு சொட்டு திரண்டு, கனத்து, சாக்கின்மேல் விழுந்தது. அடுத்த சொட்டு திரண்டது.

சாக்கு இப்போது ஈரமாக இருக்கிறது; மூன்று கல் போனால் தண்ணீர் காய்ந்து பெட்ரோல் மட்டும் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு ஆபத்து என்று தெரியாமல் விட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் தெரியும்.

நிமிர்ந்தபோது அவன் ஆபீஸ் படியில் இறங்கிக்கொண்டிருந்தான். பத்து நாளாக நான் அவனோடு பேசவில்லை. முதலில் நான் வாயைத் திறந்தால் நான் தோற்றதாகிவிடும் என்று நினைத்தேன். வழியில் வண்டி நின்றுபோகட்டும், புது லோரியைக் கெடுத்தான் என்று துரையிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்றும் நினைத்தேன். என் லோரிக்குப் போய் ஏறிக்கொண்டேன்.

நிற்கக்கூடாத ரோடு

கேட்டில் சோதனை முடிந்து புறப்பட்டோம். மஸ்ஜித் தானா போகும் வழியில் இரண்டு பக்கமும் மூங்கில் அடர்ந்த ஓர் இடம் உண்டு. அங்கே எதற்காகவும் வண்டியை நிறுத்தக்கூடாது. சரியாக அங்கேதான் முன்னால் போன பச்சை லோரியின் பானட் இடுக்கில் புகை வந்தது.

ஹாரனை அழுத்தினேன். அவன் நிறுத்தினான். அன்றைக்குக் கேட்டில் அவனோடு ஏறிக்கொண்ட மலாய்க்காரக் காவலர் துப்பாக்கியோடு குதித்து, மூங்கிலைப் பார்த்தபடி, "செப்பாட்! செப்பாட்!" என்று அவசரப்படுத்தினார். நான் இறங்கி ஓடினேன்.

"தொறக்காத! அங்கமுத்து, தொறக்காத!"

பத்து நாளைக்குப் பிறகு அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவன் திறந்துவிட்டான். காற்றுப் பட்டதும் நெருப்பு ஆள் உயரத்துக்கு எழுந்தது. அவன் பின்வாங்காமல் ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீர் டின்னை எடுத்து ஊற்றினான். பெட்ரோல் நெருப்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? நெருப்பு மிதந்து அவன் கைகளுக்கே வந்தது. இரண்டு கையும் முழங்கைவரை எரிந்தன.

அவனைக் கீழே தள்ளி ரோட்டோரச் செம்மண்ணில் உருட்டினேன். பிறகு கையால் மண்ணை அள்ளி அள்ளி என்ஜினுக்குள் போட்டேன். காவலரும் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு அள்ளினார். பின்னால் இருந்த ஷீட்டில் மட்டும் பிடித்திருந்தால் எங்கள் மூவரையும் அடையாளம் கண்டிருக்க முடியாது. நெருப்பு அடங்கியது. பச்சை வர்ணம் கொப்பளித்துக் கிடந்தது. அவன் கையும் அப்படித்தான் இருந்தது.

அவனை என் லோரியில் ஏற்றினேன். மஸ்ஜித் தானாவில் ஒரு சீனக் கடைக்காரம்மா ஓடிவந்து, சூட்டுக்கு நல்லது என்று கீச்சாப் என்னும் கறுப்புச் சோயா சாற்றுப் போத்தலை அவன் கையில் கவிழ்த்துவிட்டார். தஞ்சோங் கிளிங் கடற்கரை ரோட்டில் காற்று உள்ளே அடித்தபோது அவன் அலறினான். ஏற்றிவிட என் வண்டியில் கண்ணாடி இல்லை. மெதுவாகப் போனால் நேரமாகிறது, வேகமாகப் போனால் காற்று அடிக்கிறது. அவன் அலற அலற வேகமாகத்தான் போனேன். ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் அந்தக் கறுப்பைத் துடைத்துக்கொண்டே, "இது என்ன கையா, மீன் வறுவலா?" என்று எங்களைத் திட்டினார்.

கத்தரிக்காய்

மறுநாள் தோட்டத்து ஆபீசுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். துரை, ஒரு வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, மொழிபெயர்க்க எங்கள் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியார். கிராணியார் யாழ்ப்பாணத்துக்காரர், சட்டைப் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருப்பார். மேசைமேல் கருகிய பிஸ்கட் டின். வெளியே மரத்தடியில் பொன்னம்மா நின்றிருந்தாள்.

கிராணியார் சொன்னார்: "டின்னுக்குள்ளே ரெண்டு பொட்டலம் இருந்திருக்கு. ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு எண்டு துரை கேக்கிறார். மற்றது காட்டுக்குப் போறதோ?"

கிராணியார் காகிதத்தைப் புரட்டினார்.

"நீர் அவன்ர சாப்பாட்டைத் தொடமாட்டன் எண்டு ஸ்டோர் வாசல்லே நிண்டு சொன்னீராம். பத்துப் பேர் சாட்சி. அப்ப மற்றது ஆருக்கு?"

காட்டுக்குச் சோறு கொடுத்தான் என்று எழுதிவிட்டால் முடிந்தது. கம்பி வேலி முகாம், பிறகு கப்பல். கட்டுப் போட்ட கையோடு அங்கமுத்துவை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்குத் தெரியாது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த புது லோரி எனக்குத்தான். இந்த எண்ணம் எனக்கு வந்தது. வந்து சற்று நேரம் உட்கார்ந்தும் இருந்தது.

ஜன்னல் வழியாகப் பொன்னம்மா தெரிந்தாள். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆஸ்பத்திரி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என் சோறுங்கய்யா" என்றேன். "கோவத்துல நாந்தான் பத்து நாளாச் சாப்புடல. எனக்குத்தான் கட்டுனாங்க."

கிராணியார் பேனாவைக் கீழே வைத்தார். "தவசி, நீர் விளங்கித்தான் சொல்லுறீரோ? சாப்பாடு கடத்தினதிலே நீரும் உடந்தை எண்டு எழுதுவினம்."

"எழுதட்டும்யா."

அதிகாரி நம்பவில்லை. என்னை மூலையில் நிறுத்திவிட்டுப் பொன்னம்மாவைக் கூப்பிட்டார். இரண்டு பொட்டலத்திலும் என்ன இருந்தது என்று கேட்டார்கள்.

"கருவாட்டுக் கொழம்பு. அவருக்குக் கத்திரிக்கா பொரியல். தவசி அண்ணன் பொட்டலத்துல கத்திரிக்கா இல்ல, பயத்தங்கா. அண்ணனுக்குக் கத்திரிக்கா தின்னா ஒடம்பு சொறியும்."

அதிகாரி ஒரு பென்சிலால் கருகிய இலைகளைப் பிரித்தார். நடுவில் சோறு கருகாமல் தப்பியிருந்தது. ஒன்றில் கத்தரிக்காய். மற்றதில் பயற்றங்காய்.

"பத்து நாளாத் தவசி சாப்பிடேல்லை எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கிராணியார் கேட்டார்.

"தெரியும்யா. அவரு அன்னிக்கே சொல்லிட்டாரு."

"பிறகு ஏன் கட்டினீர்?"

"அண்ணன் கோவம் என்னிக்காச்சும் தீருமில்ல. தீர்ற அன்னிக்குச் சோறு இல்லாமப் போயிடக் கூடாது."

கிராணியார் இதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். காட்டுக் குற்றம் போனது. வெந்த கையைப் பார்த்து அங்கமுத்துவையும் பொன்னம்மாவையும் விட்டுவிட்டார்கள்; உணவை வெளியே கொண்டுபோன குற்றத்துக்கு எனக்கு மட்டும் இரண்டு நாள் கொட்டடி. பிறகு ஆறு மாதம் லோரியைத் தொடவிடாமல் புல்வெட்ட விட்டார்கள்.

நான் சொல்லாமல் வந்தது

கொட்டடியிலிருந்து வந்ததும் பஸ் ஏறி மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொட்டுச் சொட்டாய்ப் பெட்ரோல் விழுந்ததைப் பார்த்தேன், சொல்லவில்லை என்று அவனிடம் சொல்லிவிடப் போனேன். வழியெல்லாம் அந்த வார்த்தைகளை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனேன்.

இரண்டு கையும் துணியில் சுற்றிக் கிடந்தன. பொன்னம்மா அவனுக்குக் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். இப்போதாவது மனசு அடங்கியிருக்க வேண்டாமா? இல்லை. எனக்கு ஊட்ட யார் இருக்கிறார்கள் என்று பொறாமை வந்தது. வெந்துபோன மனிதனைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

"தவசி அண்ணே, ஒக்காருங்க. எங்களால ஒங்களுக்கும் ஜெயிலு" என்றாள் பொன்னம்மா. கண் கலங்கியிருந்தது.

"டேய்" என்றான் அங்கமுத்து. "மூணு நாளா இதேதான் ஓடுது. எப்பிடிடா அந்த நெருப்பு? காலைல நீ பானட்டுக்குள்ள தலைய விட்டுப் பாத்தியே, ஆபீஸ் படியிலேர்ந்து நான் பாத்தேன்."

அவன் கஞ்சியை விழுங்கிவிட்டுத் தொடர்ந்தான்.

"நானும் ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டு எடுக்கலாம்னுதான் வந்தேன்டா. அப்பறம் என்னத்துக்குன்னு மூடிட்டேன். தவசியே பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போறான். அவன் கண்ணுக்குத் தப்புன கொறை எந்த வண்டில இருக்கு?"

பொன்னம்மா அடுத்த கரண்டியை எடுத்தாள். நான் சொல்லப் போனதைச் சொல்லவில்லை. நேரமாகிறது, பஸ் போய்விடும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அவன் விரல்கள் பிறகு மடங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது. தோட்டத்துக் கேட்டில் கதவு திறந்து மூடும் வேலை கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு புது லோரி வந்தது, கண்ணாடி வைத்தது. அது எனக்குக் கிடைத்தது. தினமும் காலையில் நான் அதை ஓட்டிக்கொண்டு போக, அவன் உள்ளங்கையின் ஓரத்தால் கேட்டைத் தள்ளித் திறந்துவிடுவான். நான்கு வருஷம் அப்படிப் போனேன்.

அங்கமுத்து போய்ச் சேர்ந்துவிட்டான். பொன்னம்மா மலாக்காவில் மகள் வீட்டில் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது. இந்தத் தொடரை வாராவாரம் மகள் வாசிக்க, அவள் கேட்கிறாளாம். அண்ணன் எங்களைப் பற்றி எப்போது எழுதுவார் என்று போன மாதம் ஆள் சொல்லி அனுப்பினாள்.

எழுதிவிட்டேன், தங்கச்சி. மகளை இந்தப் பக்கத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொல். அந்தச் சொட்டு விழுந்ததை நான் பார்த்தேன்.